சிக்குன்குன்யா போய்விட்டது, ஆள் இன்னும் திரும்பி வரவில்லை

கேள்வி: 2025 ஜூன் 9

தெஹிவளையில் இருக்கிறேன், வயது 31. பெப்ரவரியில் சிக்குன்குன்யா வந்தது. காய்ச்சல் நாலாம் நாள் விட்டது, கணுக்காலும் மணிக்கட்டும் இன்னும் விடவில்லை. அதைவிட மோசம், ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. கிரிக்கெட் பார்ப்பதில்லை. ஆட்களோடு கதைக்கப் பிடிக்கவில்லை. விடிய நாலு மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு நித்திரையே இல்லை. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கிற இரத்தப் பரிசோதனையில் சிஆர்பி 11 என்று ரிப்போட் வந்திருக்கிறது. உடம்பில் தங்கிப்போன அழற்சிதான் மனச்சோர்வையும் கொண்டுவருகிறது என்று ஒருவர் சொன்னார். உண்மையா, ஆறுதலுக்குச் சொல்கிற கதையா?

ஜூன் 9, இரவு 10.40

உண்மை. நான் வெள்ளவத்தை, வயது 49, புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு மார்ச் முதல் கிழமை வந்தது. காய்ச்சல் மூன்று நாள்தான். நாலாம் நாள் கட்டிலால் இறங்கக் காலை ஊன்றினேன், குதிக்கால் தரையில் பட்டதும் கத்திவிட்டேன். மாமி குசினியிலிருந்து ஓடி வந்தா. அன்றையிலிருந்து பால்மா டின் மூடி, காஸ் லைட்டர், சட்டைக் கொளுக்கி எல்லாம் எனக்கு எதிரி. ஏப்ரலில் சிஆர்பி 18, அழற்சிக்குப் பார்க்கிற இன்னொரு பரிசோதனையான இஎஸ்ஆர் 52. மே மாதம் 100ஆம் இலக்க பஸ்ஸில், கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட, கொண்டக்டர் மிச்சக் காசு தர மறந்ததற்கு விம்மி விம்மி அழுதேன். பத்து ரூபாய்க்கு. பக்கத்தில் இருந்த பிள்ளை தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டியது.

எல்லாம் அழற்சிதான் தம்பி. உங்களில் பிழை இல்லை.

ஜூன் 10, விடிய 4.20

நீங்கள் சொன்ன அதே நாலு மணி. படுத்திருந்து கூரையைப் பார்ப்பதை விட எழுதலாம்.

உடம்புக்குள் கிருமி புகுந்தால் வெள்ளை அணுக்கள் சைட்டோகைன் என்ற சிறிய புரதங்களை அவிழ்த்து விடும். அதில் ஒன்று இன்டர்லூக்கின் 6. அந்தச் சேதி போய்ச் சேர்ந்ததும் ஈரல் சிஆர்பி செய்யத் தொடங்கும். ரிப்போட்டில் நாங்கள் பார்க்கிற 11, 18 எல்லாம் ஈரல் செய்த சரக்கு. அழற்சி எங்கே, எதனால் என்று அது சொல்லாது. வீட்டில் எங்கேயோ அடுப்பு எரிகிறது என்று மட்டும் சொல்லும்.

அதே சைட்டோகைன் மூளைக்குள்ளும் போய், படு, சாப்பிடாதே, ஒருவரோடும் கதைக்காதே என்று சொல்லும். காய்ச்சல்காரர் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பது அதனால்தான். பெஞ்சமின் ஹார்ட் என்ற அமெரிக்க மிருக வைத்தியர் 1988இல் இதைப் பற்றி எழுதினார். காய்ச்சல் வந்த மாடும் நாயும் சோர்ந்து கிடப்பது வெறும் பலவீனம் இல்லை, இருக்கிற சக்தி முழுவதையும் காய்ச்சலுக்கு ஒதுக்க உடம்பு செய்கிற ஏற்பாடு என்பது அவர் வாதம். பசியில்லை, நித்திரை குழம்புகிறது, ஆட்களைக் கண்டால் வெறுப்பு, ஒன்றிலும் ருசியில்லை. இதையே மனநல வைத்தியரிடம் சொன்னால் மனச்சோர்வு என்று எழுதுவார். கிருமி போன பிறகும் சேதி நிற்கவில்லை என்றால் நாங்கள் சுவர்ப்பக்கம் திரும்பியபடியே கிடக்கிறோம்.

இதற்கு நல்ல ஆதாரம் இன்டர்ஃபெரோன். அதுவும் ஒரு சைட்டோகைன்தான். முன்பு ஹெபடைட்டிஸ் சி என்ற ஈரல் நோய்க்கு அதை ஊசியாக மாதக்கணக்கில் போட்டார்கள். அதுவரை நன்றாக இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு வந்தது.

ஜூன் 10, மத்தியானம்

கடையில் சாப்பாட்டு நேரம். விடிய எழுதியதில் இரண்டு பிழை.

ஒன்று, பாதிப் பேர் என்றது. அது தோல் புற்றுநோய்க்கு உயர்ந்த அளவில் இன்டர்ஃபெரோன் கொடுத்த ஒரு பரிசோதனையில் வந்த கணக்கு. 2001இல் வெளியானது, மொத்தம் 40 பேர். மருந்தில்லாக் குளிசை குடித்தவர்களில் 45 சதவீதத்துக்கு மனச்சோர்வு. ஊசி தொடங்க முன்பே பரொக்செற்றீன் என்ற மனச்சோர்வு மருந்தைக் குடிக்கத் தொடங்கியவர்களில் 11 சதவீதம். ஹெபடைட்டிஸ் சி காரரில் சாதாரணமாகச் சொல்கிற அளவு நாலில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை. கணக்குக்காரிக்கு இந்தப் பிழை வெட்கம்.

இரண்டு, சைட்டோகைன் மூளைக்குள் நேரே போகும் என்ற மாதிரி எழுதிவிட்டேன். அப்படி லேசில் போகாது, இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. சேதி சுற்றிப் போகும். வயிற்றிலிருந்து மேலே ஏறுகிற வேகஸ் நரம்பு ஒரு வழி. மூளை இரத்தக் குழாய்களின் உட்சுவர் வெளியே கேட்டதை உள்ளே திருப்பிச் சொல்வது இன்னொரு வழி. தடுப்பு மெல்லிதாக இருக்கிற இடங்களும் உண்டு. இதோடு மனநிலையோடு சம்பந்தப்பட்ட செரட்டோனின் என்ற மூளைப் பொருளின் கதையும் இருக்கிறது. அதைச் செய்யத் தேவையான மூலப்பொருளான ட்ரிப்டோபனை, அழற்சி நேரத்தில் உடம்பு வேறு பாதையில் திருப்பி கைனுரெனின் என்ற வேறு பொருளாக ஆக்கிவிடும். மேலாளர் வருகிறார், வைக்கிறேன்.

ஜூன் 14

சிக்குன்குன்யா என்ற பெயரைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். தன்சானியாவின் தெற்கே, மக்கொண்டே மொழியில் வளைந்து போவது என்று பொருள். 1952இல் அங்கேதான் முதலில் கண்டார்கள். கோழிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 2006இல் இலங்கைக்கு வந்தபோது எங்கள் அம்மம்மா பெயரைக் கேட்டுவிட்டுக் கோழிக்கறியை விட்டவ. இரண்டு வருடம் விடாப்பிடியாக இருந்தா. நுளம்பு மட்டும் வழக்கம்போல் வீட்டுக்குள் வந்து போனது.

ஜூன் 22

மாமியோடு சண்டை. வாய்விட்டு இல்லை, எனக்குள். வந்த உறவினர் ஒருவருக்கு என்னைப் பற்றிச் சொன்னா: "காய்ச்சல் எல்லாருக்கும்தான் வந்தது. இவள் கொஞ்சம் மனப்பலம் இல்லாத பிள்ளை." இதே வீட்டில் மாமிக்கும் வந்தது. அவ 10 நாளில் தேங்காய் துருவினா.

அதனால் இன்று பகல் முழுக்கத் தேடினேன். அவுஸ்திரேலியாவில் டபோ என்ற ஊரில் 253 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள், 2006இல் வெளியான ஆய்வு. மூன்று கிருமிகள். அதில் ஒன்று ரொஸ் ரிவர் வைரஸ், சிக்குன்குன்யாவின் ஒன்றுவிட்ட சகோதரம், அதுவும் நுளம்பால் வருவது, மூட்டைப் பிடிப்பது. ஆறு மாதம் கழித்தும் எழும்ப முடியாமல் இருந்தவர்கள் 12 சதவீதம். மூன்று கிருமிக்கும் கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான். யாருக்கு நீளும் என்பதை ஓரளவு முன்கூட்டிக் காட்டியது, முதல் கிழமைகளில் நோய் எவ்வளவு கடுமையாக அடித்தது என்பது. ஆளின் குணம் இல்லை, முன்பு மனநோய் இருந்ததா என்பதும் இல்லை.

வாசித்துவிட்டு குசினிக்குப் போய் மாமிக்குச் சொல்ல வாயெடுத்தேன். அவ எனக்கு மல்லித்தண்ணி ஆற்றிக்கொண்டு நின்றா. சொல்லவில்லை.

ஜூன் 23

டபோ ஆய்வு உடற்சோர்வைப் பற்றியது, மனச்சோர்வைப் பற்றியது இல்லை. நேற்று இருந்த கோபத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். மாமியின் பேச்சுக்கு அது பதிலாகும், தம்பியின் கேள்விக்கு அரைப் பதில்தான்.

ஜூலை 6

அரச ஆஸ்பத்திரி ஒன்றின் மூட்டு கிளினிக்குக்குப் போனேன். விடிய ஐந்தரைக்கு நம்பர் எடுத்து, பதினொன்றே காலுக்கு உள்ளே. சின்ன வயது டொக்டர், சிங்களப் பிள்ளை. விரல்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தா. பிறகு பேனையை வைத்துவிட்டு, "ஹிதட அமாருத?" என்று கேட்டா. மனதுக்குக் கஷ்டமா என்று.

30 வருடமாகக் கொழும்பில் சிங்களம் கதைக்கிறேன். பேரம் பேசுவேன், த்ரீவீல்காரரோடு சண்டை பிடிப்பேன், பாங்கில் அலுவல் பார்ப்பேன். இதற்கு மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் தமிழில் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். "ஏலாமல் இருக்கு." அவ்வளவுதான் சொல்லியிருப்பேன். முழங்கால் மடியாவிட்டாலும் ஏலாது, குளிக்க மனம் வராவிட்டாலும் ஏலாது. எங்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல். அந்தப் பிள்ளை ஏலாது என்பதைக் கேட்டிருந்தால் முழங்காலுக்கு மட்டும் மருந்து எழுதியிருப்பா. பிரித்துக் கேட்டது நல்லதாய்ப் போயிற்று.

தலையாட்டினேன். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை 15 மில்லிகிராம், மூன்று கிழமையில் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். மனதுக்கு வேறு கிளினிக் துண்டு ஒன்றும் தந்தா. அதை மடித்துப் பையின் சின்ன அறைக்குள் வைத்தேன்.

ஜூலை 13

அற்புதம்! மூன்றாம் நாளே விரல் மடங்கியது. நேற்று இரவு இரண்டு மணிக்கு யன்னல் சீலை எல்லாவற்றையும் கழற்றித் தோய்த்தேன். இவர் எழும்பி வந்து, "என்ன கோதாரி இது?" என்று கேட்டார். பாட்டுப் பாடினேனாம். பாருங்கள், அழற்சி அடங்கியதும் மனமும் எழும்பிவிட்டது. நான் முதல் நாளே சொன்னது சரி.

ஜூலை 27

மேலே இருப்பதை அழிக்காமல் விடுகிறேன், ஆனால் நம்பாதீர்கள். குளிசை குறையக் குறைய நானும் இறங்கினேன். ஐந்து மில்லிகிராமுக்கு வந்த கிழமையில் மே மாதத்தை விட மோசம். ஆடிவேல் கிட்ட வருகிறது என்று மகள் புதுச் சட்டை எடுக்கக் கூப்பிட்டாள், அவள் முகத்தைப் பார்க்காமலே வரவில்லை என்றேன்.

ஸ்டீரொயிட் தன்பாட்டிலேயே மனத்தை ஏற்றும், இறக்கும். 1972இலேயே பொஸ்டனில் கணக்கெடுத்திருக்கிறார்கள். நாளுக்கு 40 மில்லிகிராம் வரை எடுத்தவர்களில் மனக்குழப்பம் 1.3 சதவீதம், 80க்கு மேல் எடுத்தவர்களில் 18.4 சதவீதம். என் 15க்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது, ஆனாலும் இரவு இரண்டு மணிக்குச் சீலை தோய்த்தவள் நான்தான். ஆக அந்தச் சந்தோஷம் அழற்சி அடங்கியதால் வந்ததா, குளிசையால் வந்ததா, நாலு மாதத்துக்குப் பிறகு சட்டைக் கொளுக்கியை நானே பூட்டியதால் வந்ததா? பிரிக்க வழியில்லை.

இன்னொன்று. பாமசியில் டொக்டரின் துண்டில்லாமல் இந்தக் குளிசையை வாங்கிக் குடித்தேன் என்று எழுதிய அண்ணா, தயவுசெய்து வேண்டாம். சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து. புதுக் காய்ச்சல்காரர் யாராவது இதை வாசித்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பனடோல் மட்டும்தான். டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் மாதிரி நோக் குளிசைகள் பக்கம் போகவேண்டாம், டெங்குவாக இருந்தால் இரத்தம் கசியும்.

ஆகஸ்ட் 17

வீட்டார் நல்லூருக்குப் போய்விட்டார்கள். நான் தனிய. நேற்று ரிப்போட் எடுத்தேன். சிஆர்பி 3, இஎஸ்ஆர் 19. லாப் பிள்ளை "எல்லாம் நோர்மல்" என்று சிரித்துக்கொண்டு தந்தது. படியில் நின்று வாசித்தேன். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது, சந்தோஷம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் பயம்தான் வந்தது. 18 இருந்தபோது என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

ஆகஸ்ட் 17, இரவு

"இருந்து என்ன" என்று ஒரு எண்ணம் இன்றைக்கு இரண்டு தரம் வந்து போனது. எழுதினால் சின்னதாகும் என்று எழுதுகிறேன். அக்காவுக்குக் கோல் எடுத்து ஒன்றரை மணித்தியாலம் கதைத்தேன், இப்போது பரவாயில்லை. உங்களில் யாருக்கும் அப்படி வந்தால் 1926. அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். அங்கொடை என்றதும் சிரிக்காதீர்கள், நானும் பள்ளிக்கூடத்தில் "உன்னை அங்கொடைக்கு அனுப்பவேணும்" என்று பகிடி விட்டவள்தான்.

செப்டெம்பர் 3

பையின் சின்ன அறைக்குள் இருந்த துண்டு கசங்கி, மை அழிந்து கிடந்தது. அதோடுதான் போனேன். போக முன்பு இன்னொரு முறை வாசித்தேன், வாதாடுவதற்கு ஆயத்தமாக.

2013இல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை. மருந்துக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 60 பேர். பாதிப் பேருக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் ஏற்றினார்கள், மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற, அழற்சியை அடக்கும் மருந்து. மீதிப் பேருக்கு வெறும் சேலைன். மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசமில்லை. உள்ளே பிரித்துப் பார்த்தால், தொடக்கத்தில் சிஆர்பி 5க்கு மேல் இருந்தவர்களுக்கு மருந்து உதவியது போல் தெரிந்தது. குறைவாக இருந்தவர்களுக்கு சேலைனே மேல். இதை எனக்கு ஏப்ரலில் யாராவது காட்டியிருந்தால் எனக்கும் அதை ஏற்றுங்கள் என்று நின்றிருப்பேன். இப்போது பார்க்கிறபோது எனக்குப் படுகிறது, ஜூன் 9ஆம் திகதி நான் தம்பிக்கு எழுதிய பதில் ஒரு சிலருக்கு, ஒரு சில காலத்துக்குத்தான் பொருந்தும். எனக்கே மார்ச் முதல் ஜூன் வரை பொருந்தியது, ஆகஸ்டில் பொருந்தவில்லை.

கோவிட் கணக்கும் அப்படித்தான் ஒரு பக்கமாக நிற்காது. மிலானில் 2020இல் ஆஸ்பத்திரியால் வந்த 402 பேரை ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, நோய் நேரத்தில் அழற்சி கூடியிருந்தவர்களுக்கு மனச்சோர்வும் கூட. பிறகு 2022இல் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை வைத்து ஒக்ஸ்ஃபோர்டில் பார்த்தார்கள். மனச்சோர்வும் பதகளிப்பும் வருகிற அபாயம் இரண்டு மாதத்துக்குள் மற்றக் காய்ச்சல்காரர் அளவுக்கு இறங்கிவிட்டது. மூளை மந்தம் இரண்டு வருடத்துக்குப் பிறகும் இறங்கவில்லை. ஆக மனச்சோர்வு என்று நான் ஒரே சாக்கில் கட்டி வைத்ததற்குள் பல சரக்கு. மந்தம் வேறு, துக்கம் வேறு, மூட்டு நோ வேறு, நித்திரையில்லாதது வேறு. எது காரணம், எது விளைவு என்று காட்டுகிற அம்பும் ஒரு பக்கமாகப் போவதில்லை. நித்திரை கெட்டால் அழற்சி அளவுகள் ஏறும், அழற்சி ஏறினால் நித்திரை கெடும். எனக்கு எது முந்தி என்று கேட்டால், நாலு மணி என்றுதான் சொல்வேன்.

செப்டெம்பர் 4

கிளினிக்கில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். வாதாட ஒன்றும் இருக்கவில்லை. அழற்சியா இல்லையா என்று கேட்டேன். டொக்டர் வயதானவர், தமிழ் ஓரளவு தெரியும். "இருந்திருக்கலாம். இப்ப இல்லை. இப்ப இருக்கிறதுக்கு மருந்து தாறேன்" என்றார். நித்திரை, சாப்பாடு, மாதவிடாய், கடன் எல்லாம் கேட்டார். மாதவிடாய் ஒழுங்கில்லை, எனக்கு 49 வயது என்பதை இவ்வளவு நாளும் நானே மறந்துதான் போனேன். காய்ச்சல் மேல் பழி போட வசதியாக இருந்தது. தைரொயிட்டும் இரும்புச்சத்தும் பார்க்கச் சொன்னார். இரும்பு குறைவு.

செப்டெம்பர் 21

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியிருந்தா, தனக்கும் எல்லாரும் சிக்குன்குன்யாவால் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம், கடைசியில் தைரொயிட் அடியோடு படுத்துப் போயிருந்ததாம். ஆறு மாதம் வீணாகிவிட்டதாம். அக்கா, அந்த எல்லாரிலும் நானும் ஒருத்தி. மன்னியுங்கோ.

குளிசை தொடங்கி 18 நாள். வாய் காய்கிறது. வேறு ஒன்றும் தெரியவில்லை. இவர் பின்னேரம் மரைன் டிரைவில் நடக்கக் கூட்டிக்கொண்டு போகிறார், பம்பலப்பிட்டி மட்டும் போய்த் திரும்புகிறோம். ஒருவரும் கதைப்பதில்லை. ரயில் வந்தால் நின்று பார்க்கிறோம்.

ஒக்டோபர் 12

நேற்றுக் காலை சூன்பாண் த்ரீவீல், பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற வண்டி, எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. அந்த பீத்தோவன் பாட்டு, கரகரவென்று, சுருதி விலகி. எரிச்சல் வந்தது. விடிய காலமே இந்தச் சத்தமா என்று வாய்விட்டுத் திட்டினேன். பிறகு மாமியிடம் கேட்டேன், இவ்வளவு நாளும் இவன் வராமல் இன்றைக்கு எங்கே வந்தான் என்று. மாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னா: "அவன் ஒரு நாளும் வராமல் விட்டதில்லையே பிள்ளை."

மார்ச் தொடக்கம் ஒவ்வொரு காலையும் வந்திருக்கிறான். எனக்குக் கேட்கவில்லை.

குளிசையா, இரும்பா, நடையா, ஏழு மாதம் போனதா தெரியாது, நான் இனிக் காரணம் எழுதப் போவதில்லை. கிம்புலா பணிஸ் ஒன்று வாங்குவோம் என்று படியால் இறங்கினேன், கைபிடியைப் பிடித்துக்கொண்டு, குதிக்கால் இன்னும் காலையில் கொஞ்சம் அடம்பிடிக்கும். கீழே போக அவன் காலி வீதிப் பக்கம் திரும்பிவிட்டான்.

தம்பி, உங்கள் சிஆர்பி 4க்கு இறங்கியது என்று போன மாதம் எழுதினீர்கள். நாலு மணி முழிப்பைப் பற்றி எழுதவில்லையே. அது என்ன மாதிரி இருக்கிறது?